மாஸ்க் வைக்கக் கூடாத குழந்தை

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சௌல்தாரியில் எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் உதரவிதானத்தில் துவாரம் இருப்பது தெரிந்தது. ஃபைலில் டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பிறந்தவுடன் மாஸ்க் வைத்துக் காற்றடிக்கக் கூடாது." மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு மாஸ்க் வைப்பதுதானே வழக்கம்? காரணத்தைக் கேட்டறிந்து எழுதுகிறேன்.

குறை என்ன?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையே உதரவிதானம். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அது கருவில் முழுமையாக மூடுவதில்லை. பெரும்பாலும் இடப்பக்கம்தான். அவ்வழியே குடலும் இரைப்பையும் மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமின்றிச் சிறுத்துப்போகும்.

மாஸ்க் ஏன் ஆகாது?

மாஸ்க் வைத்துப் பையை அமுக்கினால், காற்று மூச்சுக்குழாயில் மட்டும் போகாது, இரைப்பைக்கும் போகும். மற்றக் குழந்தைகளுக்கு வயிறு உப்பும். இக்குழந்தைக்கோ மார்புக்குள்ளேயே உப்பி, இருக்கும் நுரையீரலையும் நசுக்கும்.

செய்யப்படுவது என்ன?

1. தாமதமின்றி மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்துவார்கள்.

2. இரைப்பைக்குள் வேறொரு டியூப் விட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள்.

3. வென்டிலேட்டர் அழுத்தம் 25 செ.மீ. நீருக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். ரயிலின் வாக்குவம் பிரேக்கில் நாங்கள் பார்த்தது 53 செ.மீ. பாதரசம். இது 2 செ.மீ. பாதரசம்கூட இல்லை! மிஞ்சினால் பிஞ்சு நுரையீரல் கிழிந்துவிடும்.

4. முற்காலத்தில் பிறந்தவுடனேயே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது மூச்சும் இரத்த ஓட்டமும் சீரான பிறகே செய்கிறார்கள்.

தீவில் வாழும் நமக்கு

சென்னை இங்கிருந்து சுமார் 1,360 கி.மீ. விமானம் மேலே ஏறினால் உள்ளே காற்றழுத்தம் குறையும். குடலில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். இத்தகைய குழந்தைக்கு அது ஆபத்து. கருவிலிருக்கும்போதோ நுரையீரலுக்கு வேலையே இல்லை. பிராணவாயு தாயிடமிருந்து வருகிறது. ஆகவே, பிறந்த பிறகு குழந்தையைக் கொண்டுபோவதைவிட, பிறக்குமுன் தாயே போய்ச் சேர்வது மேல். எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன.

இத்தனை செய்தும் எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. எங்கள் பெண் ஏழாம் மாதமே சென்னை சென்றாள். குழந்தை பிழைத்தது, இப்போது தவழ்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம்.