எக்ஸெல்லில் ஒரு புரோட்டீன்: யார் யாருக்கு அருகில்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லில் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுச் செலவுக் கணக்கு, பால் கணக்கு, அதிகம் போனால் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். அதே எக்ஸெல்லில் ஒரு புரோட்டீனின் உள் அமைப்பையும் ஆராய முடியும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். என் சித்தி மகளும் நம்பவில்லை. சிதம்பரத்தில் இருந்துகொண்டு உயிர் வேதியியல் படிக்கும் அவள், ஒரு புரோட்டீனில் எந்த அமினோ அமிலம் எதற்கு அருகில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுக்குத் தனியா சாஃப்ட்வேர் வாங்கணுமா?" என்று போன் செய்தாள். வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் சாஃப்ட்வேர் எழுதுபவன், உயிரியல் படித்தவன் அல்ல. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிட்டோம். அந்த வழியைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். புரோட்டீன் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அது நீட்டி வைத்த கயிறாக இருப்பதில்லை. மடங்கிச் சுருண்டு, தனக்கென ஒரு வடிவத்தை அடைகிறது. சிதம்பரம் வாசகர்களுக்கு ஓர் உதாரணம். தேர் கீழ வீதியில் புறப்பட்டு தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று சுற்றி மீண்டும் கீழ வீதிக்கே நிலைக்கு வருகிறது. தேர் போகும் வழியில் அளந்தால் முதல் வீடும் கடைசி வீடும் மிகத் தொலைவு. ஆனால் நிலையில் நின்று பார்த்தால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். புரோட்டீனிலும் இப்படித்தான். சங்கிலியில் 3ஆவதாக உள்ள அமினோ அமிலம் 40ஆவதை ஒட்டி இருக்கலாம். இப்படி நெருங்கி இருக்கும் ஜோடியைத்தான் தொடர்பு என்கிறார்கள். வழக்கமான அளவுகோல், இரண்டு அமினோ அமிலங்களின் ஆல்பா கார்பன் அணுக்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் தூரம் இருக்க வேண்டும் என்பது. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்து கோடியில் ஒரு பங்கு.)

புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற சேமிப்பகம் 1971இல் அமெரிக்காவில் வெறும் 7 புரோட்டீன்களுடன் தொடங்கப்பட்டது. இப்போது அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. எல்லாம் இலவசம். ஆர்சிஎஸ்பி டாட் ஓஆர்ஜி என்ற தளத்துக்குச் சென்று, தேடும் கட்டத்தில் 1சிஆர்என் என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடுங்கள். இது கிராம்பின் என்ற விதைப் புரோட்டீன். 46 அமினோ அமிலங்கள், 327 அணுக்கள் மட்டுமே. பழகுவதற்கு இதைவிடச் சிறியது தேடிப் பிடிப்பது கடினம். டவுன்லோட் பைல்ஸ் என்பதில் பிடிபி பார்மட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பைலை உங்கள் போல்டரில் சேமியுங்கள்.

அந்தப் பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான்! ஏ-டி-ஓ-எம் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஓர் அணு. வரியில் அணுவின் பெயர், அமினோ அமிலத்தின் பெயர், அதன் வரிசை எண், பிறகு மூன்று தசம எண்கள். அந்த மூன்றும்தான் அணு வெளியில் இருக்கும் இடம். அணுவின் பெயர் சி-ஏ என்று இருந்தால் அது ஆல்பா கார்பன். முதல் அமினோ அமிலத்தின் ஆல்பா கார்பனுக்கு 16.967, 12.784, 4.338 என்றும், இரண்டாவதற்கு 13.856, 11.469, 6.066 என்றும் இருக்கும்.

இனி எக்ஸெல். (லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும், அது இலவசம்.) பைல், ஓப்பன் சென்று, ஆல் பைல்ஸ் என்று மாற்றி, இந்தப் பைலைத் திறந்தால் எங்கே பிரிப்பது என்று ஒரு விண்டோ கேட்கும். இங்கே பிக்ஸட் விட்த் என்பதையே தேர்ந்தெடுங்கள். 6, 12, 16, 20, 22, 26, 30, 38, 46, 54 ஆகிய இடங்களில் கோடு விழட்டும். இடைவெளியை வைத்துப் பிரிப்பது எளிது என்று நினைக்காதீர்கள். நான் ஒரு பெரிய புரோட்டீனில் அப்படிச் செய்து அரை நாளை வீணாக்கினேன். மைனஸ் 100க்குக் கீழே போகும் எண்களுக்கு முன் இடைவெளியே இருக்காது, இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டுவிடும். எக்ஸெல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது.

பில்டர் போட்டு, ஏ-டி-ஓ-எம் வரிகளில் சி-ஏ உள்ளவற்றை மட்டும் நிறுத்துங்கள். 46 வரிகள் மிஞ்ச வேண்டும். வரிசை எண்ணையும் மூன்று தூர எண்களையும் புதிய ஷீட்டில் ஏ6 கட்டத்திலிருந்து நான்கு நெடுவரிசைகளாக ஒட்டுங்கள். பின்பு அதே பகுதியை காப்பி செய்து, எஃப்1 கட்டத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் டிரான்ஸ்போஸ் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். செங்குத்தாக இருந்தது படுக்கையாக வரும். இப்போது எஃப்6 கட்டத்தில் கீழே உள்ள பார்முலாவை டைப் செய்யுங்கள். படிப்பதற்காகத் தமிழில் தந்துள்ளேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகள்தான்.

=எஸ்க்யூஆர்டி(($பி6-எஃப்$2)^2+($சி6-எஃப்$3)^2+($டி6-எஃப்$4)^2)

பள்ளியில் படித்த பிதாகரஸ்தான், மூன்று திசைகளுக்கு நீட்டியிருக்கிறோம். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். இதை ஏஒய்51 வரை இழுத்து நிரப்புங்கள். மூலைவிட்டம் முழுவதும் 0 வர வேண்டும். அதை ஒட்டிய கட்டங்களில் ஏறக்குறைய 3.8 வர வேண்டும், ஏனென்றால் அடுத்தடுத்த ஆல்பா கார்பன்களுக்கு இடையே அநேகமாக அந்தத் தூரம்தான். முதல் ஜோடிக்கு 3.79 வரும். வரவில்லையென்றால் டாலர் குறியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து கண்டிஷனல் பார்மேட்டிங் மூலம் 8க்குக் குறைந்த கட்டங்களுக்கு நிறம் கொடுங்கள். மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டை தெரியும் இடங்களில் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கிறது. தொலைவில் தனியாகத் தெரியும் நிறக் கட்டங்கள்தான் நமக்கு வேண்டியவை. எச்45ஐப் பாருங்கள், அது 3க்கும் 40க்கும் உள்ள தூரம். ஐ37 என்பது 4க்கும் 32க்கும் உள்ளது. இந்த இரண்டு இடங்களிலும் சிஸ்டீன்களைக் கந்தக அணுக்கள் பாலம் போட்டுப் பிடித்திருக்கின்றன. நிறம் வந்திருந்தால் உங்கள் கணக்கு சரி.

இதில் ஓர் எண்ணைக் கணக்கிட்டால் என்ன பயன் என்று சித்தி மகள் கேட்டாள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியரான மைக்கேல் குரோமிகாவும், அதே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்து, சங்கிலியில் 12க்கும் மேல் விலகியிருக்கும் ஜோடிகளை எண்ணி, மொத்த அமினோ அமிலங்களால் வகுத்தார்கள். சிறிய புரோட்டீன்களில் இந்த எண் பெரிதாக இருந்தால் மடங்க அதிக நேரம் ஆகிறது என்று காட்டினார்கள். இதற்கு முன் 1998இல் டேவிட் பேக்கரின் குழு இதே திசையில் வேறு ஓர் அளவைத் தந்திருந்தது. அந்த பேக்கர்தான் 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

நம் ஷீட்டில் எண்ணுவது சுலபம். இன்னொரு ஷீட்டில், தூரம் 8க்குக் குறைவாகவும், ஏ நெடுவரிசை எண்ணிலிருந்து முதல் வரிசை எண்ணைக் கழித்தால் 12க்கு மேலும் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று ஒரு இஃப் பார்முலா எழுதி, கூட்டி, 46ஆல் வகுத்தால் முடிந்தது. நான் முதலில் கழிக்காமல் எல்லா நிறக் கட்டங்களையும் எண்ணினேன். ஒவ்வொரு ஜோடியும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று இரண்டு தடவை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் அதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் கிராம்பின் நூல்கண்டு போலச் சிக்கலான புரோட்டீன் என்று ஆகியிருக்கும். 46 பேரில் 1035 ஜோடிகள்தான் இருக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 16க்கும் 26க்கும் கூட ஒரு கந்தகப் பாலம் உண்டு. ஆனால் இடைவெளி 10 மட்டுமே, ஆகவே அது இந்தக் கணக்கில் சேராது.

எல்லா அணுக்களையும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 327க்கு 327 கட்டம் வேண்டும். எக்ஸெல் 2003 வரை 256 நெடுவரிசைகள்தான் உண்டு, 2007 முதல்தான் 16,384. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முயற்சிக்க வேண்டாம்.

தூரம் இவ்வளவு முக்கியமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தோல், எலும்புகளில் உள்ள கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று வெளியிட்டார்கள். அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? ராமச்சந்திரன் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி உண்மையான தூரங்களைத் திரட்டினார். இரண்டு கார்பன்களுக்கு வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0 என்பது போல எல்லைகள் கிடைத்தன. அவற்றை வைத்து 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டதுதான் இன்று உலகம் முழுவதும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். இதெல்லாம் 0.2 ஆங்ஸ்ட்ராம் விவகாரம்!

கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடமில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் எலும்புகள் எளிதில் முறியும் பரம்பரை நோய் வரக்கூடும். இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் 1சிஏஜி என்ற பைலை எடுங்கள். 1994இல் வெளியான கொலாஜன் போன்ற துண்டு அது. ஒவ்வொரு இழையிலும் 30 அமினோ அமிலங்கள், 15ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்திருக்கிறார்கள். இழைகளுக்கு இடையிலான தூரத்தை ஓரத்திலும் நடுவிலும் ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவில் சற்றே விலகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: இதில் ஹைட்ராக்சிபுரோலின் வரிகள் எச்-ஈ-டி-ஏ-டி-எம் என்று தொடங்கும். பில்டரில் அவற்றையும் டிக் செய்யாவிட்டால் சங்கிலியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.