பேசாத எழுத்துகள்: பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க ஓர் ஆங்கிலப் பாடம்



கொஞ்ச நாளைக்கு முன்பு எங்கள் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று ஆங்கிலப் புத்தகம் வாசித்தது. கத்தி என்று பொருள்படும் சொல் வந்தது. கே, என், ஐ, எப், ஈ என்று எழுத்துக் கூட்டி, "கினைஃப்" என்றது. மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாகப் பிள்ளை வகுப்புப் பக்கமே வரவில்லை. லயத்துக்குப் போய் விசாரித்தோம். "எனக்கு இங்கிலீஷ் வராது சேர்" என்றது. தகப்பன் கவ்வாத்து வெட்டுகிறவர். "அது மண்டையில ஏறாதுங்க, விட்டுடுங்க ஐயா" என்றார்.

அந்தப் பிள்ளை செய்தது மடத்தனம் அல்ல. இருக்கிற எழுத்தை இருக்கிறபடியே வாசித்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

நல்லூரில் இருந்த ஒருவரின் பெயர்

யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூர்க் கந்தசாமி கோயிலைக் கும்பிடாமல் வருவதில்லை. அதே நல்லூரில் சுமார் 200 வருடங்களுக்கு முன்னர் ஜோசப் நைட் என்ற ஆங்கிலப் பாதிரியார் பணிசெய்தார். தமிழ் அறிஞர்களின் துணையோடு தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகராதி செய்யத் தொடங்கியவர் அவர்.

அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து: கே, என், ஐ, ஜி, எச், டீ. வாயில் வருவதோ என், ஐ, டீ மட்டும். கே, ஜி, எச் மூன்றும் பேசாமல் நிற்கின்றன. இந்தச் சொல்லுக்குப் பொருள் குதிரை வீரன்.

ஏன் இப்படி? சுமார் 600 வருடங்களுக்கு முன்னர் ஆங்கிலேயர் இந்த எழுத்துகளையும் உச்சரித்தே பேசினார்கள். நாளடைவில் வாய் அந்த ஓசைகளை விட்டுவிட்டது. ஏடும் அச்சுப் புத்தகமும் பழைய எழுத்தை விடவில்லை. நாமும் "வந்துகொண்டு இருக்கிறேன்" என்று எழுதுகிறோம். "வந்துக்கிட்டு இருக்கேன்" என்றுதானே பேசுகிறோம்! அதைப் போலத்தான்.

முதற் குடும்பம்: கே, என் சேர்ந்து தொடங்கும் சொற்கள்

இவற்றில் முதல் கே பேசாது.

1. நைஃப் – கத்தி (கே, என், ஐ, எப், ஈ)
2. நீ – முழங்கால் (கே, என், ஈ, ஈ)
3. நொட் – முடிச்சு (கே, என், ஓ, டீ)
4. நொக் – தட்டுதல் (கே, என், ஓ, சி, கே). கடைசிக் கே மட்டும் பேசும்.
5. நோ – அறிந்திருத்தல் (கே, என், ஓ, டபிள்யூ). "இல்லை" என்பதற்கும் நோ என்றே சொல்வார்கள். அதற்கு என், ஓ இரண்டே எழுத்து. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறு.

இரண்டாம் குடும்பம்: ஜி, எச், டீ சேர்ந்து முடியும் சொற்கள்

இவற்றில் ஜியும் எச்சும் பேசாது.

1. நைட் – இரவு (என், ஐ, ஜி, எச், டீ). பாதிரியார் பெயரில் முதற் கே போனால் இதுதான்.
2. லைட் – வெளிச்சம் (எல், ஐ, ஜி, எச், டீ)
3. ரைட் – சரி, வலது, உரிமை (ஆர், ஐ, ஜி, எச், டீ). பஸ் கொண்டக்டர் தினமும் சொல்லும் சொல்.
4. எயிட் – எட்டு (ஈ, ஐ, ஜி, எச், டீ)
5. வெயிட் – நிறை. எட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூ போட்டால் நிறை.
6. ஹைட் – உயரம். எட்டுக்கு முன்னால் ஒரு எச். ஓசையில் மட்டும் "ஹெயிட்" இல்லை, ஹைட்.

ஒரு எச்சரிக்கை: லாஃப் என்றால் சிரித்தல், காஃப் என்றால் இருமல். இவை ஜி, எச் என்று முடியும். பின்னால் டீ இல்லை. இங்கே அந்த இரண்டும் சேர்ந்து எப் ஓசை தரும்.

இது நமக்கு எதற்கு?

நாம் பறித்த கொழுந்து தூளாகிப் பக்கெட்டில் போகும்போது அதன் மேல் "நெட் வெயிட்" என்று அச்சிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தேயிலையின் நிறை அது. மருந்து உறையில் "நைட்" என்று இருந்தால் இரவில் குடிக்க வேண்டும். இவற்றை வாசிக்க அடுத்த வீட்டுக்காரரைத் தேடி ஓடுவானேன்?

நைட் பாதிரியார் 1840இல் காலமானார். அவர் தொடங்கிய வேலையைப் பலர் கைமாற்றி எடுத்துச் சென்றார்கள். கடைசியில் 1862இல் வின்சுலோ பாதிரியாரின் தமிழ் – ஆங்கில அகராதியாக, 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு, சென்னையில் அச்சேறியது. படித்தவர்களுக்கே அத்தனை வருடம் பிடித்தது என்றால், நம் பிள்ளைக்கு ஒரு சொல்லுக்கு ஒரு கிழமை ஆனால் என்ன குறை?

இதையெல்லாம் அந்தத் தகப்பனிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் தெனம் புடிக்கிற கத்தியிலயும் பேசாத எழுத்து நிக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் அவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

வீட்டு வேலை: இரவில் அரை மணித்தியாலம் ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒரு தேயிலைப் பக்கெட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "வெயிட்" எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பேசாத எழுத்துகளின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். பிழைத்தால் சிரிக்காதீர்கள். சேர்ந்து படியுங்கள்.