வீட்டு பேட்டரி மின்சாரத்துக்குப் பணம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘கனெக்டட் சொல்யூஷன்ஸ்’ திட்டம், கோடையில் மின்தேவை உச்சத்தைத் தொடும் நேரங்களில் வீட்டு பேட்டரியிலிருந்து மின்சாரம் தருவோருக்கு ஊக்கத்தொகை வழங்குகிறது.

1. ஜூன் பிறப்பதற்கு முன்பே பதிவு செய்யவும். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பேட்டரி மின்சாரத்தைக் கேட்கும் அழைப்புகள் வரும்.

2. வீட்டுக்கென ஒதுக்கும் பேட்டரி இருப்பை 20 சதவீதத்தில் வைக்கவும். 13.5 கிலோவாட் மணி பேட்டரியில் மீதி 10.8 கிலோவாட் மணி; மூன்று மணி நேரத்தில் வெளியேற்றினால் சராசரி 3.6 கிலோவாட். கிலோவாட்டுக்கு 275 டாலர் வீதம் கோடைக்கு 990 டாலர் கிடைக்கும். இருப்பை 50 சதவீதமாக உயர்த்தினால் தொகை 620 டாலருக்கும் கீழே இறங்கிவிடும்.

3. அழைப்புகளைத் தவறவிட வேண்டாம். அபராதம் இல்லைதான், ஆனால் தவறியது பூஜ்ஜியமாகச் சேர்ந்து, தொகையைத் தீர்மானிக்கும் கோடைச் சராசரியைக் குறைக்கும்.

4. வைஃபை இணைப்பை அவ்வப்போது சரிபார்க்கவும். இணைப்பு அறுந்தால் அழைப்பு பேட்டரிக்குப் போய்ச் சேராது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

5. புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் அந்த அழைப்பிலிருந்து விலகிக்கொள்ளவும். மின்வெட்டில் வீட்டுக்கு வெளிச்சம் தருவதே பேட்டரியின் முதல் வேலை.

ஊக்கத்தொகை சீசன் முடிந்த பிறகே கைக்கு வரும்.