உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் கேட்கப்படும் கேள்வி

“ஹொயஸ்டெரெத் வரை போவேன்” என்று வழக்காடுவோர் சிலர் கூறுவதுண்டு. டென்மார்க்கில் அது அவர்களின் விருப்பத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. (இலங்கையில் ‘உயர் நீதிமன்றம்’ எனப்படுவதை இந்தியாவில் ‘உச்ச நீதிமன்றம்’ என்பர், மயக்கம் தவிர்க்க இங்கே பின்னதையே கையாள்கிறோம்.)

2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் பெரும்பாலான வழக்குகள் 24 மாவட்ட நீதிமன்றங்களுள் ஒன்றில் தொடங்குகின்றன. அங்கிருந்து மேல் நீதிமன்றத்துக்கு, அதாவது லான்ஸ்ரெத்துக்கு, மேன்முறையீடு செய்யலாம். சட்டம் பொதுவாக உறுதியளிப்பது இவ்விரண்டு படிகளையே. மூன்றாம் படியில் ஏற அனுமதி வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தான் விசாரிக்கும் வழக்குகளைத் தானே தெரிவு செய்கிறது. இங்கோ அப்பணி, 1996 முதல், புரோசெஸ்பெவில்லிங்ஸ்நெவ்னெத் எனும் தனிக் குழுவுக்குரியது. மூன்று நிலை நீதிமன்றங்களிலிருந்தும் ஒவ்வொரு நீதிபதி, ஒரு சட்டத்தரணி, ஒரு பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர் என ஐவர் அதில் அமர்வர்.

தீர்ப்புப் பிழையா என்பது இக்குழுவின் முதற் கேள்வியன்று. குடியியல் வழக்காயின், அது ‘பிரின்சிபியெல்’ தன்மையுடையதா, அதாவது அதன் முடிவு பிறருடைய வழக்குகளுக்கும் வழிகாட்டுமா என்பதே கேள்வி. வாடகைச் சட்டத்தின் ஒரு விதிக்கு இதுவரை தெளிவான பொருள் காணப்படவில்லையெனில் அனுமதிக்கு இடமுண்டு. நீதிபதி நம் சாட்சியை நம்பவில்லை என்பது எத்துணை வேதனை தரினும், அது அவ்வழக்கோடு நின்றுவிடும். குற்றவியல் வழக்கில் ‘சிறப்புக் காரணங்களும்’ கருதப்படும். நாட்டைவிட்டு வெளியேற்றும் தீர்ப்புகள் பல உச்ச நீதிமன்றத்தை எட்டியுள்ளன. ஆயினும் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பதை அம்மன்றம் மீண்டும் ஆராயாது.

நம்மவர் நன்கறிந்த ‘தமிழர் வழக்கு’ இப்படிகளில் ஏறி வந்ததன்று. தமிழ் அகதிகளின் குடும்ப இணைவைத் தடுத்து நிறுத்திய முன்னாள் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சனை 1995இல் தண்டித்தது, அமைச்சர்களை விசாரிக்கும் ரீக்ஸ்ரெத். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் அதில் அமர்வதால் மயக்கம் எழுவது இயல்பே.

விண்ணப்பக் காலம் குறுகியது: குடியியல் வழக்குக்கு 4 கிழமைகள், குற்றவியல் வழக்குக்கு 2 கிழமைகள். பொதுவாகத் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளிலிருந்தே அது கணிக்கப்படும். ஆகவே தீர்ப்பின் தமிழ் மொழிபெயர்ப்புக்காகக் காத்திராது, உடனே சட்டத்தரணியை நாடுங்கள். அநீதி நேர்ந்தது என்று மட்டும் எழுதப்பட்ட விண்ணப்பம் பெரும்பாலும் பயன் தராது. எந்தச் சட்டக் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது என்பதை அதில் விளக்குமாறு அவரிடம் கேளுங்கள்.