அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

“அடையில உட்கார்ந்த கோழியைப் பச்சைத் தண்ணியில நாலு முக்கு முக்கி எடுங்க, அடை கலைஞ்சு மறுபடி முட்டை போடும்.” தில்லியில் கோழி வளர்க்கும் நம்மவர்கள் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மெஹ்ரௌலியில் கேட்டேன், நஜஃப்கர் பக்கம் கேட்டேன், மயூர் விஹாரில் மாடியில் கூண்டு வைத்திருப்பவர்களிடமும் கேட்டேன். இப்போது வாட்ஸ்ஆப்பில் வீடியோவாகவும் சுற்றுகிறது. ஒருவர் கோழியைக் கழுத்து வரை வாளிக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறார், பின்னணியில் பாட்டு ஓடுகிறது. கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன்: அது வதை. நிறுத்துங்கள்.

அடை உட்காருவது நோய் இல்லை, பிடிவாதமும் இல்லை. கோழியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. முட்டை போடுவது நிற்கிறது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகிறது. அந்த வெறும் தோலில் முட்டையோ வைக்கோலோ பட்டுக்கொண்டே இருக்கும்வரை சுரப்பு குறையாது. கூட்டையும் முட்டையையும் விட்டுச் சில நாள் விலகியிருந்தால் தானாகக் குறையும். இவ்வளவுதான் சங்கதி. வாளித் தண்ணீர் இதில் எங்கே வருகிறது?

“வயிற்றுச் சூடு தணிஞ்சா அடை கலையும்தானே டாக்டர்” என்பார்கள். காற்றோட்டத்தில் நாள்கணக்கில் தணிவது வேறு, கோழியை முழுக்க நனைப்பது வேறு. தண்ணீரிலிருந்து எடுத்த கோழி உடம்பு காய்ந்ததும் நேராக அதே கூட்டுக்குத்தான் ஓடும். நம்பாவிட்டால் கவனித்துப் பாருங்கள். சில கோழிகள் முக்கிய பிறகு அடையை விடுவது உண்மைதான். அவற்றில் பல, விடும் பருவத்தில் இருந்தவை. மற்றவை பயத்திலும் நடுக்கத்திலும் தீனியே எடுக்காமல் ஒடுங்கியவை. ஒடுங்கின கோழி எப்படி முட்டை போடும்?

ஊரில் சித்திரை வெயிலில் நனைந்த கோழி சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கேயும் தப்புதான், ஆனால் உயிர் பிழைத்துக்கொள்ளும். தில்லி ஜனவரியில் இரவு வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்குகிறது, சில நாள் பகலிலும் பனிமூட்டம் விலகுவதில்லை. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. அதைக் காப்பது இறகுகளுக்கு நடுவே நிற்கும் காற்று. தண்ணீர் அடிவரை இறங்கினால் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஒரு ஜனவரிக் காலையில் ஓர் அம்மா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கோழியைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் முக்கியிருக்கிறார்கள். விடிந்த பிறகும் அடியிறகு தோலோடு ஒட்டிக் கிடந்தது. கொண்டை கருநீலம். வாயைத் திறந்து திறந்து மூடியது, மூச்சில் கொரகொரப்பு. தண்ணீர் உள்ளே போயிருந்தது. “எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க” என்றார் அந்த அம்மா. மேசையிலேயே கோழி போய்விட்டது.

மூக்கில் இறகைச் செருகுவது, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது, பட்டினி போடுவது எல்லாம் இதே வகை. அடைக்கோழி ஏற்கெனவே நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்து, கால் மணி நேரம் தின்று குடித்துவிட்டுத் திரும்புகிறது, உடம்பு இளைத்திருக்கும். அதைப் பட்டினி போடுவீர்களா? உயிரினங்களைத் தேவையின்றி வதைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கோழிக்கும் அது பொருந்தும்.

அடை கலைக்கத்தான் வேண்டும் என்றால் வழி எளிது. அடியில் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீழே காற்று ஓட வேண்டும், உள்ளே வெளிச்சம் வேண்டும், வைக்கோல் கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். குளிர் நாளில் ஊதல் காற்று படாத இடமாகப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் கொர்கொர் சத்தம் அடங்கும். வெளியே விட்டதும் மறுபடி கூட்டுக்குப் போனால் இன்னும் இரண்டு நாள். முட்டை இரண்டு மூன்று வாரத்தில் வரும். அவசரப்படுத்தி எதுவும் ஆகாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும், அதனால் அடியில் இரும்புத்துண்டும் கரியும் மிளகாயும் வைக்க வேண்டும் என்பார்கள். முதல் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லாவும் பூண்டையும் இரும்பாணியையும் இதற்காகவே வைப்பதைக் குறித்திருக்கிறார். பழமையால் பொய் மெய்யாகிவிடாது. சேவல் சேராத முட்டை, நாள்பட்ட முட்டை, அடிக்கடி எழுந்துபோகும் கோழி, இவைதான் காரணம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ரத்தக்குழாய் தெரியாத முட்டையை எடுத்துவிடுங்கள்.

கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும் வெறும் பேச்சு. அரிஸ்டாட்டில் ஒன்று சொன்னார், கொலுமெல்லா அதற்கு நேர்மாறாகச் சொன்னார். இருவரும் தப்பு.

ஓடு உடைத்துக் குஞ்சுக்கு “உதவி” செய்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 21ஆம் நாளை ஒட்டி ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளிவர அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள் ஆகும். அந்த நேரத்தில்தான் உள்சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றுகின்றன, மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகிறது. நகத்தால் பிய்த்தால் ரத்தம் கசியும், குஞ்சு சாகும். தில்லியில் மே, ஜூன் மாத லூ காற்றில் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்வது உண்டு. அதற்கு வைக்கோலுக்கு அடியில் ஈரமணல் பரப்புங்கள், தகரக் கூரைக்குக் கீழே அடை வைக்காதீர்கள்.

வீட்டில் கோழி இருந்தால் பறவைக்காய்ச்சல் வரும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு 2021 ஜனவரியை நினைவூட்டுகிறேன். தில்லியில் அப்போது மயூர் விஹார் ஃபேஸ் 3 பூங்காவின் காகங்களிலும் சஞ்சய் ஏரி வாத்துகளிலும் நோய் உறுதியானது. காஜிப்பூர் கோழிச்சந்தை மாதிரிகளில் இல்லை. ஆகவே காகம் தீனித்தட்டில் இறங்காதபடி மாடியில் வலை கட்டுங்கள். காஜிப்பூர் குப்பைமேட்டைச் சுற்றும் கரும்பருந்துகளிடமிருந்தும் அது குஞ்சுகளைக் காக்கும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

நம் கூடுகளைக் காலியாக்கும் நோய் வேறு: வெள்ளைக்கழிச்சல். அதன் இன்னொரு பெயரைத் தந்த ராணிகேத், தில்லியிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருக்கும் மலையூர். தடுப்பு மருந்து போடாத குஞ்சுகள் இதில் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் போதும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் எஃப் ரக மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா, எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி. சிக்கல் என்னவென்றால், குப்பி நூறு கோழிக்கு வருகிறது, உங்களிடம் இருப்பது எட்டுக் குஞ்சு. “எட்டுக்காக எதுக்கு வாங்கணும்” என்று விட்டுவிடுகிறீர்கள். ஒரே காலனியில் நாலைந்து வீட்டில் கோழி இருக்கிறது, ஒருவரும் மற்றவரைக் கேட்பதில்லை. அடை வைக்கும் தேதியை முன்கூட்டியே பேசி ஒரே வாரத்தில் வையுங்கள். குஞ்சு பொரித்த ஐந்தாம் நாள் எல்லோருமாக ஒரு குப்பி வாங்கி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் சொட்டு விட்டு முடியுங்கள்.