படையில் சேர விரும்பும் தம்பிக்கு



தரைப்படையின் ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடிப்பவனுக்கே முழு 60 மதிப்பெண் என்றும், கடற்படையிலோ அதே தூரத்திற்கு 6 நிமிடம் 30 வினாடி தருகிறார்கள் என்றும் கணக்கிட்டு, ஆகையால் கடற்படையே உனக்கு உசிதமென்று நீ எழுதிய கடிதத்தை இருமுறை வாசித்தேன். ஒரு நிமிஷ வித்தியாசத்தைக் கொண்டு ஒரு ஜீவியத்தையே தீர்மானிக்க நீ முற்பட்டிருப்பது என் மனத்தை வருத்துவதால், என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த ஒரு நிமிஷம் அப்பியாசத்தால் கிடைக்கக்கூடியது. 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு ஏறத்தாழ 82 வினாடி. மண் தரையில் சில மாதங்கள் நிதானமாகத் தூரத்தையும் வேகத்தையும் கூட்டி வருகிற ஆரோக்கியமான வாலிபனுக்கு அது எட்டாத இலக்கன்று. பீமில் 10 முறை உடலைத் தூக்கி 40 மதிப்பெண் பெறுவதும் அப்படித்தான். முகாம் அறிவிப்பு வந்த பிறகு தார்ச்சாலையில் வெறிகொண்டு ஓடி, முழந்தாள் எலும்பு வலியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அவசரம் உனக்கு வேண்டாம்.

அப்பியாசத்திற்கு வசப்படாதவையும் சரீரத்தில் உண்டு. முதலில் ஆராய வேண்டியவை அவையே. போர் விமானம் ஓட்ட விரும்புகிறவனுக்கு 162.5 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் மட்டும் போதாது; தொடையின் நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் விதி இருக்கிறது. ஆபத்து வேளையில் இருக்கை விமானியோடு வெளியே வீசப்படும்போது, எதிரேயுள்ள கருவிப் பலகையில் முழங்கால் மோதிச் சிதைந்துவிடக் கூடாதல்லவா? நிறங்களைப் பிரித்தறியும் கண்ணும் அத்தகையதே. இரவுக் கடலில் கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரிகின்றன. அவற்றைக் கொண்டுதான் எதிரே வரும் கப்பல் எத்திசையில் செல்கிறதென்று காவல் நிற்கும் மாலுமி நிச்சயிக்கிறான். அவன் கண் அங்கே தவறினால் கப்பலிலுள்ள அத்தனை பேருக்கும் அபாயம்.

சரீரம் இடங்கொடுத்த பின்னரே விருப்பத்தைப் பற்றிய விசாரம். சியாச்சினின் மெலிந்த காற்றில் சுமையோடு ஏறுகிறவனுக்கு வேண்டிய சுவாச பலம் ஒன்று. பல வாரங்கள் கரையைக் காணாமல், இயந்திர அறையின் வெப்பத்திலும் குறுகிய படுக்கையிலும் சஞ்சலமின்றி இருப்பவனுக்கு வேண்டிய சகிப்பு வேறு. விமானப்படையில் சேருகிறவர்களில் மிகப் பலர் பறப்பவர்களும் அல்லர். தரையில் நின்று விமானங்களைப் பழுதுபார்த்துப் பேணும் அவர்களுடைய உழைப்பு கூர்ந்த கவனத்தைக் கேட்பது. இவற்றில் எது உன் சுபாவத்திற்கு இசையும் என்பதை ஓட்டக் கடிகாரம் சொல்லாது. இருபது நாள் கடலில் இருக்க உனக்கு ஆசை உண்டா என்பதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லையே!

இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய், நிறப் பார்வையையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள். பாதத்தின் வளைவும் சரீரத்தில் முதலில் ஆராய வேண்டியதாதலால், வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஈரப் பாதத்தைப் பதித்து, சுவட்டின் உட்புறம் வளைந்திருக்கிறதா, தட்டையாக நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

உன் நலம் விழையும்,
அண்ணன்