சொல்வதெழுதுதலும் உயிர்காத்தலும்

சொல்வதெழுதுதல் சிறுவர்க்கே உரிய பயிற்சியெனப் பலர் கருதுவர். அதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டாரும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியர் பலர், நோயாளரிடம் தாம் கண்டவற்றை ஒலிப்பதிவுக் கருவியிற் சொல்லிவைப்பது வழக்கம். அதனைக் கேட்டுப் பிழையற எழுதுபவர் ‘மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட்’ எனப்படுவர். அவரை மருத்துவச் சொல்லெழுத்தர் என ஈண்டு வழங்குவோம். 1990களின் பிற்பகுதியில் இத்தொழில் கடல் கடந்து சென்னை முதலிய நகரங்களிலும் பரவிற்று. ஆதலின் இதற்குரிய கல்வி யாதென எம் மாணவர் அறிதல் நன்று.

அமெரிக்காவில் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் வேண்டப்படும் அரசாங்க அனுமதிப்பத்திரம் இவர்க்கு வேண்டுவதன்று. ஆயினும் தொழில் தருவோர் பயின்றாரையே விரும்புவர். ஓராண்டளவிலான சான்றிதழ் வகுப்பும், ஈராண்டுக் கல்லூரிப் படிப்பும் அங்கு உள. உடலமைப்பு, நோய்கள், மருந்துப் பெயர்கள், ஆங்கில இலக்கணம், நோயாளர் இரகசியம் பேணும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் என்பன பாடங்களாம். 1978இல் தோன்றிய இத்தொழிலாளர் சங்கம், புதிதாகப் பயின்றார்க்கு ஒன்றும் அனுபவம் முதிர்ந்தார்க்கு ஒன்றுமாக இரு பரீட்சைகளையும் வகுத்தது.

மருத்துவச் சொற்களைக் கற்கும் முறை, நாம் பகுபதத்தைப் பகுதி விகுதியாகப் பிரித்தறிவதை ஒக்கும். ‘ஐட்டிஸ்’ என முடிவது அழற்சியையும், ‘எக்டமி’ என முடிவது வெட்டியகற்றலையும் குறிக்கும். இவ்விரண்டையும் அறிந்தவன் அப்பென்டிசைட்டிஸ் நோயென்றும், அப்பென்டெக்டமி அந்நோய்க்குரிய சத்திரசிகிச்சையென்றும் எளிதில் உணர்வான்.

எனினும் செவியொன்றையே நம்புதல் ஆகாது. சிறுகுடலின் கடைப்பகுதியும் இடுப்பெலும்பின் ஒரு பகுதியும் ஆங்கிலத்தில் ‘இலியம்’ என்றே ஒலிக்கும். எழுத்தில் ஓரெழுத்தே வேறுபடும். ‘டிஸ்பேஜியா’ விழுங்கற் கோளாறு. ‘டிஸ்பேசியா’ பேச்சுக் கோளாறு. லகர ளகர ழகர வேறுபாட்டை வற்புறுத்தும் தமிழாசிரியரைக் கடிந்துகொள்ளும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. எண்ணெழுதுதலிலும் இடர் உண்டு. 5.0 மில்லிகிராம் என எழுதின், புள்ளி தெளியாதவிடத்து அது 50 ஆகிவிடும். ஆதலின் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜொயின்ட் கமிஷன், மருந்தளவில் இவ்வாறு பயனில் பூச்சியம் இடுதலை 2004இல் விலக்கிற்று.

இக்கல்வியின் முடிமணியான விதி ஒன்றுண்டு. சொல் தெளிவாகக் கேளாதவிடத்து ஊகித்தெழுதாது, வெற்றிடம் விட்டுக் குறிப்பிட்டு, வைத்தியரிடமே வினவுதல் வேண்டும். வெற்றிடம் பின்னர் நிரப்பப்படும். ஊகமோ உண்மைபோல் நின்று உயிரைக் கவரும்.

இக்காலத்துப் பேச்சை எழுத்தாக்கும் கணினி இத்தொழிலின் பெரும்பங்கை ஏற்றுவிட்டது. தொழிலிடங்கள் சுருங்கின, சொல்லெழுத்தர் பலர் பொறியின் எழுத்தைத் திருத்துநராயினர். ஆதலின், வேலை உறுதியெனக் கூறிப் பெரும்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களை நாடுமுன் இளைஞர் நன்கு விசாரித்தல் வேண்டும். ஆயின் இத்தொழில் புகட்டும் பாடம் எத்தொழிலார்க்கும் உரியது. கூர்ந்து கேட்டலும், ஐயுற்றவிடத்து வினவுதலும், தெளிந்ததையே எழுதுதலும் கற்றோர்க்கு அணிகலனாம். அவற்றை எம் மாணவர் வகுப்பறையிலேயே பழகுவாராக.